பெங்களூருக்குப் பக்கத்தில் ஒரு சவன்னா: ஹெசரகட்டா புல்வெளியில் மரம் நட வேண்டாம் என்று ஏன் சொல்கிறார்கள்?

சவன்னா என்றதும் நம்மில் பலருக்கு மனசுல வருவது டிவியில் பார்த்த ஒரு காட்சிதான். மஞ்சள் நிறப் புல், குடை மாதிரி விரிந்த ஒற்றை வேலமரம், தூரத்தில் வரிக்குதிரைக் கூட்டம். இடம் தான்சானியாவாக இருக்கும், இல்லன்னா கென்யா. விசா, விமான டிக்கெட், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி எல்லாம் இருந்தால்தான் அங்கே போக முடியும் என்று நினைக்கிறோம்.

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 30 கி.மீ. போனால் ஹெசரகட்டா. அர்க்காவதி ஆற்றின் குறுக்கே 1894ல் கட்டிய ஏரி, அதை ஒட்டிப் பெரிய வெட்டவெளி. வாரக்கடைசியில் பைக்கில் போய்ப் படம் எடுத்து வந்தவர்கள் உங்கள் ஆபீஸிலும் இருப்பார்கள். முதல் முறை போகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இவ்வளவு இடம் ஏன் சும்மா கிடக்கு?"

அரசாங்கங்களும் இதே கேள்வியைக் கேட்டிருக்கின்றன. இங்கே திரைப்பட நகரம் கட்டலாம் என்ற திட்டம் பலமுறை எழுந்தது. இந்தப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்க வேண்டும் என்ற கோரிக்கையை 2021 ஜனவரியில் கர்நாடக மாநில வனவிலங்கு வாரியம் நிராகரித்தது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. 2024 அக்டோபரில் அதே வாரியம் 5,600 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பைப் பாதுகாப்புக் காப்பகமாக, அதாவது 'கன்சர்வேஷன் ரிசர்வ்' ஆக அறிவிக்க ஒப்புதல் கொடுத்தது.

மரமே அதிகம் இல்லாத ஒரு மைதானத்துக்கு எதற்கு வனவிலங்குப் பாதுகாப்பு? அதைப் புரிந்துகொள்ள முதலில் சவன்னாவைப் புரிந்துகொள்ள வேண்டும்.

சவன்னா என்றால் காடு அழிந்த இடமா?

இல்லை. பலரும் நினைப்பது போல, காட்டை வெட்டிய பிறகு மிச்சம் இருப்பது புல்வெளி அல்ல. தரை முழுக்கப் புல் பரவியிருக்கும். மரங்கள் ஆங்காங்கே, ஒன்றோடு ஒன்று கிளை கோத்துக்கொள்ளாமல் நிற்கும். இதுதான் சவன்னா. சூரிய ஒளி தரையைத் தொடுவதுதான் அதன் அடையாளம். நிழல் மூடிவிட்டால் இந்த வகைப் புற்கள் செத்துப்போகும்.

வெப்பமண்டலப் புற்கள் இமயமலை அடிவாரத்தில் பரவி சுமார் 70 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. மண் அடுக்குகளில் இருக்கும் கார்பன் தடயங்களை வைத்து இதைக் கணக்கிட்டிருக்கிறார்கள். மனிதன் கோடாரியைக் கண்டுபிடிப்பதற்கு வெகு காலம் முன்பே இந்தியத் துணைக்கண்டத்தில் புல்வெளி இருந்தது என்று அர்த்தம்.

புல்லுக்கும் மரத்துக்கும் இங்கே ஓயாத இழுபறி. மழை அதிகமானால் மரத்தின் கை ஓங்கும். தீயும் மேய்ச்சலும் புல்லுக்குத் துணை. புல்லின் வளரும் பகுதி மண்ணை ஒட்டியே இருப்பதால், மாடு மேய்ந்தாலும் நெருப்பு ஓடினாலும் அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும். மரக்கன்றுக்கு அந்த வசதி இல்லை.

இந்த இழுபறியை உலகம் கண்ணால் பார்த்த இடம் தான்சானியாவின் செரெங்கெட்டி. 1890களில் மாடுகளுக்கு வரும் வெக்கை நோய் கிழக்கு ஆப்பிரிக்காவைச் சூறையாடியது. இந்தியாவிலிருந்து கப்பலில் போன மாடுகள் வழியாக அது பரவியது என்பது பரவலாகச் சொல்லப்படும் கருத்து. கால்நடைகளோடு வில்டபீஸ்ட் என்ற காட்டு விலங்கும் லட்சக்கணக்கில் செத்தது. மேய ஆளில்லாமல் புல் உயர்ந்து காய்ந்தது, ஆண்டுதோறும் பெருந்தீ பிடித்தது. பிறகு மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள், 1960களில் நோய் அடங்கியது. 1961ல் சுமார் இரண்டரை லட்சமாக இருந்த வில்டபீஸ்ட் 1977க்குள் 13 லட்சம் ஆனது. அவை புல்லை மேய்ந்துவிட்டதால் தீ குறைந்தது. தீ குறைந்ததால் மரக்கன்றுகள் பிழைத்தன. ஊர் மாட்டுக்குப் போட்ட ஊசி ஒரு தேசியப் பூங்காவின் மரங்களின் எண்ணிக்கையை மாற்றியது!

வறண்ட இடத்தில் எப்படி இத்தனை வகை உயிர்கள்?

உகாண்டாவின் வடகிழக்கு மூலையில், தென் சூடான் எல்லையை ஒட்டி, கிடெப்போ பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா இருக்கிறது. பரப்பு சுமார் 1,440 சதுர கி.மீ. கம்பாலாவிலிருந்து சாலை வழியாகப் போவதே ஒரு நாள் வேலை. ஆண்டின் பல மாதங்கள் காய்ந்து கிடக்கும் அந்த இடத்தில் 70க்கும் மேற்பட்ட பாலூட்டி வகைகளும் 450க்கும் மேற்பட்ட பறவை வகைகளும் பதிவாகியிருக்கின்றன. காரணம், அது முழுக்க ஒரே மாதிரி இல்லை. ஒரு பள்ளத்தாக்கில் கோடையிலும் தண்ணீர் தேங்கும். இன்னொன்றில் மணல் ஆறு மட்டும். எங்கோ குட்டைப் புல், எங்கோ ஆளுயரப் புல், நடுவில் பாறைக் குன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு குடித்தனக்காரர்.

ஹெசரகட்டாவை கிடெப்போவோடு பரப்பளவில் ஒப்பிட முடியாது. அங்கே சிங்கம் இருக்கு, யானை இருக்கு, நம்ம பக்கம் இருப்பது சின்னத் துண்டு. ஆனால் கணக்கு அதேதான். ஏரிக்கரைச் சதுப்பு, குட்டைப் புல், உயரப் புல், புதர், கொஞ்சம் மரம் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால்தான் இத்தனை வகைப் பறவைகள் இங்கே வருகின்றன.

குளிர்காலத்தில் போனால் பூனைப்பருந்துகளைப் பார்க்கலாம். மற்ற பருந்துகள் மாதிரி உயரத்தில் வட்டமடிக்காமல், புல்லின் தலையை உரசுவது போலத் தாழப் பறந்து வெட்டுக்கிளியையும் எலியையும் தேடும். நம் நாட்டில் குளிர்காலத்தைக் கழிக்கும் பூனைப்பருந்துகள் கஜகஸ்தான் பக்கத்திலிருந்து வருபவை. செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பின்தொடர்ந்து இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இவற்றில் மான்டேகு பூனைப்பருந்து என்ற இனம் சுவாரசியமானது. ஐரோப்பாவில் பொரிக்கும் கூட்டம் குளிர்காலத்துக்கு ஆப்பிரிக்க சவன்னாவுக்குப் போகிறது. மத்திய ஆசியாவில் பொரிக்கும் கூட்டம் தக்காணத்துக்கு வருகிறது. அந்தப் பறவைக்கு இரண்டும் ஒரே மாதிரி இடம்தான். நமக்குத்தான் ஒன்று டூரிஸ்ட் ஸ்பாட், இன்னொன்று காலி மனை.

இரவில் அது மரத்தில் தூங்குவதில்லை, உயரமான புல்லுக்கு நடுவே தரையில் படுக்கும். இந்த ஒரு விஷயம் போதும், புல்வெளியை ஏன் புல்வெளியாகவே விட வேண்டும் என்பதைச் சொல்ல. வானம்பாடி, நெட்டைக்காலி, காடை, ஆள்காட்டி எல்லாமே தரையில் முட்டையிடுபவை. நடுவில் வரிசையாக மரம் நட்டால் என்ன ஆகும்? காக்கைகளுக்கும் வல்லூறுகளுக்கும் உட்கார்ந்து கண்காணிக்க இடம் கிடைத்துவிடும். கீழே இருக்கும் கூடு ஒவ்வொன்றும் அவற்றின் பார்வையில் விழும்.

வரகுக்கோழியும் ஹெசரகட்டாவில் தென்பட்டிருக்கிறது. உலகளவில் அழிவின் விளிம்பில் இருக்கும் பறவை இது. ராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேசப் புல்வெளிகளில் மழைக்காலத்தில் முட்டையிடும். ஆண் பறவை இணையைக் கவர, புல்லுக்கு மேலே செங்குத்தாகத் துள்ளித் துள்ளிக் குதிக்கும். மழை முடிந்ததும் சில தெற்கே வரும். வரகு விளைந்த மானாவாரிக் காட்டில் பார்த்துத்தான் நம்ம ஊரில் இந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும். பெயர் இன்னும் இருக்கு, பறவையைப் பார்த்த தலைமுறை போய்விட்டது.

மான் பார்க்க வேண்டும் என்றால் இன்னும் கொஞ்ச தூரம் போக வேண்டும். தும்கூர் மாவட்டம் மதுகிரி தாலுகாவில் மைதேனஹள்ளி என்ற ஊர். அங்கே 798 ஏக்கரில் ஜெயமங்கலி வெளிமான் காப்பகம் இருக்கிறது, 2007ல் அறிவித்தது. முறுக்கிய கொம்போடு கருப்பு வெள்ளை ஆண் மான் அங்கே வெட்டவெளியில் நிற்கும். ஒளிந்துகொள்வது அதன் தற்காப்பு இல்லை. எதிரியைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு ஓடுவதுதான் தற்காப்பு. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஓடும் விலங்குக்கு அடர்ந்த காடு ஒரு பொறி. இந்த மானைத் துரத்த ஒரு காலத்தில் சிவிங்கிப்புலி இருந்தது. திப்பு சுல்தானிடம் வேட்டைக்குப் பழக்கிய சிவிங்கிகள் இருந்தன. இந்தியாவில் இந்த இனம் அற்றுப்போனதாக 1952ல் அறிவித்தார்கள். 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டு சிவிங்கிகளை விமானத்தில் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்தின் குனோவில் விட்டோம். ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கைக் கொண்டுவரத் தயாராக இருக்கும் நாம், அது வாழ்ந்த வகை நிலத்தை இன்னும் வேறு பெயரில்தான் கூப்பிடுகிறோம்.

அந்தப் பெயர் 'தரிசு'

தமிழில் தரிசு, புறம்போக்கு. அரசு ஆவணத்தில் 'வேஸ்ட்லேண்ட்'. வரி வசூலிக்க முடியாத நிலம் வீண் நிலம் என்ற வருவாய்த்துறைக் கணக்கு பிரிட்டிஷ் காலத்தில் வேரூன்றியது. சுதந்திரத்துக்குப் பிறகும் அது மாறவில்லை. இன்றைக்கும் மத்திய அரசின் தரிசு நில வரைபடத்தில் புதர்க்காடும் மேய்ச்சல் நிலமும் இடம்பிடிக்கின்றன. சோலார் பார்க், தொழிற்பேட்டை, காடு வளர்ப்பு எது வந்தாலும் முதலில் தேடும் பட்டியல் அதுதான்.

ஆனால் மைசூர் அரசுக்கு இது வீண் நிலமாகத் தெரியவில்லை. பீரங்கி இழுக்கும் அம்ரித் மஹால் மாடுகளுக்காகப் பெரிய பெரிய புல்வெளிகளை ஒதுக்கி, அவற்றுக்கு 'காவல்' என்று பெயர் வைத்தார்கள். ஹைதர் அலி, திப்பு படைகளின் வேகத்துக்கு இந்த மாடுகள் ஒரு முக்கியக் காரணம். அந்தக் காவல்கள் பல இன்று கைமாறிவிட்டன. சித்ரதுர்கா மாவட்டம் சள்ளகெரேயில் ஆயிரக்கணக்கான ஏக்கர் காவல் நிலம் பாதுகாப்பு, அணுசக்தி, விண்வெளி ஆராய்ச்சி நிறுவனங்களுக்குப் போனது. வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை நடந்தது. ஹெசரகட்டா தப்பித்ததற்கும் மாடுதான் காரணம் என்று சொல்லலாம். இங்குள்ள நிலத்தின் பெரும்பகுதி கால்நடைத்துறையிடம் இருந்தது, அதனால் பிளாட் போடவில்லை.

2022ல் சூழலியலாளர்கள் எம்.டி. மதுசூதன், அபி வனக் இருவரும் இந்தியாவின் வறண்ட பகுதிகளில் இருக்கும் இப்படிப்பட்ட திறந்தவெளி நிலங்களைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து வரைபடமாக்கினார்கள். நாட்டின் பரப்பில் சுமார் 10 சதவீதம். அதில் சரணாலயங்களுக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் உள்ளே இருப்பது 5 சதவீதத்துக்கும் குறைவு.

இன்னொரு விசித்திரம் புள்ளிவிவரத்தில் இருக்கிறது. இந்திய வன அளவைத் துறையின் கணக்கில், ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் 10 சதவீதம் மர நிழல் இருந்தால் அது 'வனப்பரப்பு'. யூகலிப்டஸ் தோப்பும் இதில் சேரும். வெளிமானும் ஓநாயும் திரியும் புல்வெளி சேராது. ஆக, புல்வெளியை அழித்துத் தைலமரம் நட்டால் பேப்பரில் காடு கூடும்.

இது வெறும் கற்பனை இல்லை. ஹாவேரி மாவட்டம் ராணிபென்னூர் வெளிமான் சரணாலயத்தின் புல்வெளியில் பெருமளவு யூகலிப்டஸ் நட்டார்கள். ஒரு காலத்தில் அங்கே கானமயில் இருந்தது. ஒரு மீட்டர் உயரம், தரையில் ஒரே ஒரு முட்டை இடும் பறவை. இன்றைக்கு ராணிபென்னூரில் அது இல்லை. நாடு முழுக்கச் சேர்த்தாலே சுமார் 150தான் மிச்சம் என்கிறார்கள்.

சரி, மரம் நட்டா மழை வரும், தண்ணி வரும்னு சொல்றாங்களே?

பெங்களூர்க்காரர்கள் அவசியம் கேட்க வேண்டிய கேள்வி இது. ஏன்னா ஹெசரகட்டா வெறும் பறவை பார்க்கும் இடம் இல்லை. திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில், 1890களில், பெங்களூர் நகரத்துக்கும் சிவாஜிநகர் அடங்கிய கண்டோன்மென்ட்டுக்கும் குழாய்த் தண்ணீர் வந்தது இந்த ஏரியிலிருந்துதான். அது போதாமல் அதே ஆற்றில் கீழே திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் 1933ல் வந்தது. இன்று நகரம் பெரிதும் நம்பியிருப்பது 100 கி.மீ. தூரத்திலிருந்து பம்ப் செய்யும் காவிரித் தண்ணீரை.

அர்க்காவதி ஏன் வற்றியது? பெங்களூரின் 'அட்ரீ' ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2015ல் வெளியிட்ட ஆய்வில் இதை விரிவாகப் பார்த்தார்கள். மழை குறைந்ததால் என்று சொல்ல முடியவில்லை. அவர்கள் முக்கியமாகக் கை காட்டியது இரண்டு காரணங்களை: ஒன்று, கட்டுப்பாடில்லாத போர்வெல். இரண்டாவது, ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் பரவிய யூகலிப்டஸ் தோப்புகள். புல்லின் வேர் மேலாக இருக்கும், கோடையில் காய்ந்து தண்ணீர் செலவைக் குறைத்துக்கொள்ளும். யூகலிப்டஸ் ஆண்டு முழுக்கப் பசுமையாக நின்று ஆழத்திலிருந்து உறிஞ்சும். கர்நாடக அரசே 2017ல் புதிதாக யூகலிப்டஸ் நடுவதற்குத் தடை விதித்தது.

இதற்காக மரமே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சிவாஜிநகர் தெருவில், பள்ளிக்கூட வளாகத்தில், மரம் வெட்டிய சாலையோரத்தில் தாராளமாக நடலாம், நட வேண்டும். ஜூன் 5 வந்தால் உங்கள் கம்பெனியின் சிஎஸ்ஆர் டீம் பஸ் ஏற்பாடு செய்யும்போது, "எங்க நடப் போறோம்? அங்க முன்னாடி என்ன இருந்துச்சு?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

பந்திப்பூரும் சவன்னாதானா?

கேட்க ஆச்சரியமாக இருக்கும். ஆனால் பெங்களூர் என்.சி.பி.எஸ். ஆய்வாளர்கள் ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் உள்ளிட்டோர் 2011லிருந்தே இதைச் சொல்லி வருகிறார்கள்: 'இலையுதிர் காடு' என்று நாம் அழைக்கும் பல இடங்கள், தரையில் புல் பரவியிருப்பதால் உண்மையில் மரம் நிறைந்த சவன்னாக்கள். பந்திப்பூர், முதுமலை வழியாக ஊட்டிக்குப் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தாலே புரியும். காட்டெருமையும் புள்ளிமானும் தின்பது அந்தப் புல்லை. இப்போது அங்கே உண்ணிச்செடி அடர்ந்து புல்லை மூடிவருவதுதான் பெரிய தலைவலி.

தமிழ்நாட்டுக் கதையும் இதே பாதையில்தான் போகிறது. கோடியக்கரையில் வெளிமானுக்காக 1967ல் சரணாலயம் அமைத்தார்கள். இன்று அங்கே புல்வெளிக்குள் சீமைக் கருவேலம் புகுந்துவிட்டது. நீலகிரியில் ஆங்கிலேயர்கள் 'வெறும் மலை' என்று நினைத்து ஆரம்பித்த சீகை, யூகலிப்டஸ் நடவு, வரையாட்டின் மேய்ச்சல் நிலத்தை விழுங்கியது. தூத்துக்குடி வல்லநாட்டில், கிண்டியில், மோயாறு பள்ளத்தாக்கில் இன்னும் வெளிமான்கள் இருக்கின்றன. கிண்டி மட்டும் தனி ரகம்: ஒரு மெட்ரோ நகரத்தின் நடுவே 2.7 சதுர கி.மீ. பூங்காவில் வெளிமான்.

கன்சர்வேஷன் ரிசர்வ் ஆனால் கிராமத்து மாடு எங்கே போகும்?

ஹெசரகட்டாவில் எதிர்ப்பு வந்ததே இந்தப் பயத்தால்தான். சுற்றுவட்டார கிராமங்களில் மேய்ச்சல் நின்றுவிடும், நிலம் விற்க முடியாது, கட்டடம் கட்ட முடியாது என்ற பேச்சு பரவியது. பயம் நியாயமானதே. தேசியப் பூங்கா என்று அறிவித்தால் உள்ளே மாடு நுழையவே கூடாது.

ஆனால் கன்சர்வேஷன் ரிசர்வ் வேறு வகை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002 திருத்தத்தின் மூலம் 36ஏ பிரிவாக வந்தது. அரசுக்குச் சொந்தமான நிலத்தில் மட்டுமே அறிவிக்க முடியும், தனியார் பட்டா நிலத்தைத் தொட முடியாது. அறிவிக்கும் முன் உள்ளூர் மக்களைக் கலந்து பேச வேண்டும். நிர்வாகத்துக்கு ஆலோசனை சொல்லும் குழுவில் அந்தந்தப் பஞ்சாயத்துப் பிரதிநிதி இருக்க வேண்டும். சவன்னாவுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது, ஏன்னா அளவான மேய்ச்சல் இல்லாவிட்டால் புல் முதிர்ந்து புதர் ஏறிவிடும். ஆட்டையும் மாட்டையும் முழுக்கத் துரத்திவிட்டு பூனைப்பருந்தைக் காப்பாற்ற முடியாது. எத்தனை மாடு, எந்த மாதம், எந்தப் பக்கம் என்று உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும்.

மாட்டை விட அவசரமாகக் கட்டுப்படுத்த வேண்டியது நம்மைத்தான். புல்லுக்குள் ஜீப்பை இறக்கி ஓட்டுவது, ஒரு பறவையின் படத்துக்காகப் பத்து கார்கள் சுற்றி வளைப்பது, ட்ரோன் விடுவது, பாட்டில் உடைப்பது எல்லாம் வாரக்கடைசிப் பழக்கங்கள். தரையில் முட்டை இருக்கும் இடத்தில் ஒரு டயர் தடம் போதும்.

போக விரும்புகிறவர்கள் முதலில் நுழைவு விதிகளை வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை, சூரியன் உதித்த முதல் இரண்டு மணி நேரம், இருக்கும் பாதையை விட்டு இறங்காமல் நடந்து போவது நல்லது. பார்த்த பறவையை 'இ-பேர்ட்' செயலியில் பதிவு பண்ணுங்க. தரிசு இல்லை என்று அதிகாரியிடம் காட்ட, தேதி போட்ட அந்தப் பட்டியல் உதவும்.